வயல் மனையானபின் தோட்டம் போடும் முறை

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர்ப் பக்கம், ஏரிப் பாசனத்தில் விளைந்த வயல்கள் மனைப்பிரிவுகளாவதைக் கண்டு வருந்தும் தோட்டப் பிரியர்களில் பலர், அத்தகைய மனையில்தான் குடியிருக்கிறார்கள் (நானும்தான்). மனையை மேடாக்க வயலின் மேலே கொட்டிய கிராவலில் (சரளை மண்ணில்) செடி நட்டுப் பயனில்லை. ஆடியிலேயே, தோட்டத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கிராவலையும் கட்டட இடிபாட்டையும் அகற்றி, பழைய வயலின் களிமண் தெரியும்வரை தோண்டுங்கள். ஆண்டாண்டுக் காலச் சேற்றுழவால் அதனடியில் இறுகிப்போன அடுக்கைக் கடப்பாரையால் உடைக்காவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கி வேர் அழுகிவிடும். குழியை வண்டல் மண்ணும் மாட்டெருவும் கலந்து மனைமட்டத்துக்கு மேலேயே நிரப்பி, பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறத்தாழ 45 நாளில், மண்வெட்டியால் கொத்திப் புதையுங்கள். அது மட்கியபின் கத்தரி நடலாம், வெண்டை விதைக்கலாம்; முருங்கைக்கு மட்டும் இன்னும் உயரமான மேடு வேண்டும்.