வீட்டு சர்வரில் லான்கேஷ் சேமிக்கவில்லையென்றால் எங்கிருந்து பார்ப்பது?

ஏற்காட்டில் கோடைமழை இடியோடு இறங்கும் மாலைகளில் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலிருந்து 60 ஜிபி அளவுள்ள ஒரு விளையாட்டை ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே இறக்குவது வீண்வேலை என்பதால்தான், ஒருமுறை வந்ததைச் சேமித்துவைத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் லான்கேஷை டாக்கர் கன்டெய்னர்களாக, அதாவது தனித்தனியே அடைத்து இயக்கும் மென்பொருள்களாக, வீட்டு சர்வரில் நிறுவுகிறோம். இரண்டாவது கணினியிலும் பதிவிறக்கம் இணைய வேகத்திலேயே ஊர்ந்தால் உடனே கன்டெய்னரை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம். கோளாறு பெரும்பாலும் அதற்கு வெளியே, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கும். லான்கேஷின் டிஎன்எஸ்ஸைக் கேட்டால்தான் ஸ்டீமின் பெயருக்கு உங்கள் சர்வரின் முகவரி கிடைத்து, பதிவிறக்கம் அதன் வழியாகப் போகும்.

சோதனையைச் சர்வரில் அல்ல, விளையாடும் கணினியில் தொடங்குங்கள். அங்கே என்எஸ்லுக்அப் கட்டளையால் லான்கேஷ்.ஸ்டீம்கன்டென்ட்.காம் என்ற பெயரைக் கேட்டால், உங்கள் சர்வரின் உள்முகவரி விடையாக வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தக் கணினி வேறொரு டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது என்று பொருள். ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 கொடுத்திருப்பது வழக்கமான காரணம். அது முதலாவது செயலிழந்தால் மட்டும் உதவிக்கு வரும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் கணினி எப்போது வேண்டுமானாலும் அதைக் கேட்கக்கூடும். சர்வர் நின்றால் இணையமே நின்றுவிடுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு இரண்டாவது டிஎன்எஸ்ஸைவிட ஒரு யுபிஎஸ் நல்ல தீர்வு.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணம், பழைய ஐபிவி4க்குப் பின் வந்த புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6. ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர் தன் ஐபிவி6 டிஎன்எஸ் முகவரியையும் கணினிகளுக்கு அறிவித்தால், நீங்கள் ஐபிவி4 பக்கத்தில் எவ்வளவு கவனமாக அமைத்திருந்தாலும் பயனில்லை. அந்த அறிவிப்பை ரவுட்டரில் நிறுத்துங்கள். அந்த அமைப்பு பூட்டப்பட்டிருந்தால் கணினியிலேயே ஐபிவி6ஐ அணைத்துவிடுங்கள். பிறகு கணினியின் டிஎன்எஸ் நினைவைத் துடைத்து, ஸ்டீமை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

டிஎன்எஸ் கன்டெய்னரே எழவில்லையென்றால், டிஎன்எஸ் கேள்விகள் வரும் வாசலான போர்ட் 53ஐப் பாருங்கள். சர்வரில் உபுன்டு இருந்தால், அதன் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53 முகவரியில் அதைப் பிடித்திருக்கும். லான்கேஷின் டிஎன்எஸ் பைண்ட் ஐபி அமைப்பில் சர்வரின் உள்முகவரியைக் கொடுத்தால் மோதல் தீரும். லான்கேஷ் பதிவிறக்கங்களைக் கொடுக்கும் போர்ட் 80ஐ வேறு வெப்சர்வர் பிடித்திருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம்.

அடுத்து, வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் லான்கேஷ் ஒரு வரியாக எழுதிவைக்கும் அக்சஸ் லாக். முதல் பதிவிறக்கத்தில் 'மிஸ்' (சேமிப்பில் இல்லை) வருவது இயல்பு. இரண்டாவதில் 'ஹிட்' (சேமிப்பிலிருந்து கொடுத்தது) வர வேண்டும். ஒரு வரியும் விழவில்லையென்றால் மீண்டும் டிஎன்எஸ்ஸுக்கே திரும்புங்கள். மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் வழியாக இறங்குபவை சேமிக்கப்படாமல் கடந்துபோகும். அது கோளாறு அல்ல.

நேற்றுவரை 'ஹிட்' வந்து, மின்தடைக்குப் பிறகு 'மிஸ்' மட்டுமே வந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். வெளி டிஸ்க் ஏற்றப்படுவதற்கு முன்பே டாக்கர் எழுந்துவிட்டால், கன்டெய்னர் காலியான மவுன்ட் ஃபோல்டரில், அதாவது சர்வரின் சிறிய ரூட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கி அதை நிரப்பிவிடும். டிஸ்க்குகளில் எவ்வளவு இடம் நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை இதை உடனே காட்டும். கன்டெய்னரை நிறுத்தி, டிஸ்க் ஏற்றப்படாத நிலையிலேயே அந்த ஃபோல்டரில் விழுந்தவற்றை நீக்கி, டிஸ்க்கை ஏற்றியபின் கன்டெய்னரைத் தொடங்குங்கள். அந்த டிஸ்க் வரும்வரை டாக்கர் சேவை காத்திருக்கும்படி, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் 'ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்' என்ற வரியைச் சேர்த்துவிட்டால், அடுத்த மின்தடையில் இந்தத் தொல்லை வராது.