‘என்ன படம் பார்த்தீங்க?’ என்று தொடங்காதீர்கள்

ஊர்ப் பழைய தியேட்டரைப் பற்றி எழுதி வைக்கக் கிளம்புகிறவர்கள் பெரியவர்களிடம் முதலில் கேட்பது, “அங்க என்னென்ன படம் பார்த்தீங்க?” நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கிடைத்தது நடிகர் பெயர்களின் வரிசை மட்டும்தான். படங்களைப் பற்றிய விவரம் வேறு இடங்களில் பத்திரமாக இருக்கிறது. ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன் ஆயுள் முழுக்க உட்கார்ந்து திரட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் உங்கள் ஊர்க் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கும் பெஞ்சுக்கும் நடுவே என்ன தடுப்பு இருந்தது என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

ஆகவே படத்தை விடுங்கள், போன வழியைக் கேளுங்கள். காசு யார் கொடுத்தது? இரண்டாம் ஆட்டம் விட்டு வரும்போது யார் கையில் விளக்கு? மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் என்ன சொன்னார்? எத்தனை இடைவேளை விட்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். பல டூரிங் கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜக்டர்தான். ரீல் மாற்ற ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போட வேண்டும். “மூணு நாலு இடைவேளை” என்று ஒருவர் சொன்னால், ஞாபகப் பிசகு என்று திருத்திவிடாதீர்கள். அந்தக் கொட்டகையில் என்ன இயந்திரம் இருந்தது என்பதை அவர் சொல்லிவிட்டார்.

பார்த்தவர்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவது அடுத்த தவறு. வேலை பார்த்தவர்களைத் தேடுங்கள்: டிக்கெட் கிழித்தவர், போஸ்டர் ஒட்டியவர், முறுக்குத் தட்டோடு இருட்டில் நடந்தவர். ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவரிடம், உங்களுக்குப் பிடித்த படம் எது என்று கேட்டேன். “படம் எங்க தம்பி பாத்தேன்? கார்பன் எரியறதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். அன்றைய புரொஜக்டருக்கு வெளிச்சம் தந்தவை இரண்டு கார்பன் குச்சிகள். அவை எரிந்து தேயத் தேய நடுவில் உள்ள இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கீழே இருந்து விசில் வரும். அந்த விசிலை அவர் கேட்ட விதம் வேறு, நாம் அடித்த விதம் வேறு.

சரி, பெண்கள். வீட்டுக்காரரை பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். எங்கள் அத்தை, மாமா கடைக்குப் போன பிறகுதான் வாயைத் திறந்தார். “ரெண்டாம் ஆட்டமெல்லாம் எங்களுக்கு ஏதுடா? முதல் ஆட்டத்துக்கே பெரியாத்தா கூட வந்தாத்தான் விடுவாங்க.” குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் இடம் எப்படி இருந்தது, குழந்தை அழுதால் யார் தூக்கிக்கொண்டு வெளியே போவது என்றெல்லாம் அன்றைக்குத்தான் கேட்டேன். மாமாவிடம் இருந்த சினிமாவில் இது எதுவுமே இல்லை.

ஆண்டுக் கணக்கில் சறுக்குவதுதான் பெரிய சறுக்கல். படம் வெளியான தேதியை, நம் ஊரில் ஓடிய தேதியாக எழுதிவிடுகிறோம். மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது, அங்கே இரண்டு தேதியும் ஒன்று. கிராமத்துக் கொட்டகைக்குப் படப் பெட்டி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஆண்டுக்கணக்கில். பழைய படங்களும் திரும்பத் திரும்ப வரும். வெளியான ஆண்டு சொல்வது ‘இதற்கு முன்னால் இல்லை’ என்பதை மட்டும்தான்.

தங்கம் என்றதும் ‘ஆசியாவிலேயே பெரியது’ என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பட்டத்தோடு ஒரு தியேட்டர் இருக்கும். பட்டத்தை உண்மை என்று எழுத வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்; ஊர் தன் தியேட்டரைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டது என்று எழுதினால் போதும். பெயரும் அப்படித்தான். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால், பின்னாளில் டிலைட் ஆனது. சாலை மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது. ஒரு தியேட்டருக்கு ஊர் வைத்த பெயர், போர்டில் இருந்த பெயர், கை மாறியபின் வந்த பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் உரிமம் எப்போது கொடுத்தார்கள் என்று தேடலாம். 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி அதைக் கொடுத்தவர் மாவட்ட ஆட்சியர்.

ஒலிப்பதிவில் நான் செய்த முட்டாள்தனம்: போனை டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் காற்றைத்தான் பதிவு செய்திருந்தேன். புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொன்னால் சுருங்கி வரும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, காகிதம். பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் எல்லாம் மட்டமான தாளில் அச்சடித்தவை. லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் ஓரத்தில் பென்சிலால் மெதுவாக. படம் எடுக்கும்போது இரண்டு பக்கமும் எடுங்கள். அத்தை ட்ரங்குப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்த ரோஸ் நிற நோட்டீஸில் ‘ஜனவரி 14 வெள்ளி முதல்’ என்றிருந்தது, ஆண்டு இல்லை. அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தது 1949, 1955, 1966, 1972, 1977-இல். நோட்டீஸில் இருந்த படம் 1949-க்குப் பிந்தையது, அதனால் முதலாவது அடிபட்டது. மற்றதில் எது என்று முழித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் பால் கணக்கு. பதினாறு அணாவை ஒரு ரூபாயாக்கிக் கூட்டியிருந்தார்கள். அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது 1957-இல்.