பழைய மாருதி 800-க்கு நீங்களே சீட் தைக்கலாம்

வேட்டியோடு காரிலிருந்து இறங்கினால் பின்பக்கம் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருக்கிறதா? சீட்டுக்குள் இருக்கும் ஃபோம் வயதாகி உதிர்கிறது என்று அர்த்தம். என் 1997 மாருதி 800-இல் அப்படித்தான் ஆரம்பித்தது. ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம், ஏறி இறங்கும்போதெல்லாம் தொடை உரசுகிற இடம், முதலில் கிழிந்தது. மேலே ஒரு ரெடிமேட் கவரை மாட்டி மூன்று வருஷம் ஓட்டினேன். கவருக்கு அடியில் கிழிசல் பெரிதானதுதான் மிச்சம்.

குஷன் கடையில் கொடுத்தால் சீக்கிரமே முடித்துத் தந்துவிடுவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் 800-இன் சீட்டைவிட நல்ல பாடம் கிடைக்காது. இரும்புச் சட்டம், அதில் ஸ்பிரிங் கம்பி, அதன்மேல் ஃபோம், எல்லாவற்றுக்கும் மேலே உறை. அவ்வளவுதான். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு ஃபோமுக்குப் பதில் தேங்காய் நாரும் சுருள் ஸ்பிரிங்கும் வரலாம், வேலையின் வரிசை மாறாது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள புதிய கார் என்றால் மட்டும் கை வைக்காதீர்கள். அதில் குறிப்பிட்ட தையல் பிரிந்துதான் பை வெளியே வர வேண்டும், அந்தத் தையலை வீட்டில் போட முடியாது.

முதலில் எந்த சீட்? ஓட்டுநர் சீட்தான் கிழிந்திருக்கும், கை அங்கேதான் போகும். போகவேண்டாம். பக்கத்து சீட்டின் அடிப்பகுதியில் ஆரம்பியுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் அங்கே உட்காருபவர் மரியாதைக்கு ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு சீட் முடியும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். நடுவில் ஒரு கல்யாணம் காட்சி வந்தால் வண்டி வேண்டும்.

1. சீட்டைக் கழற்றுவது

என் வண்டியில் ஒரு சீட்டுக்கு நாலு போல்ட், எல்லாம் 12 ஸ்பானர். சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் முன் போல்ட்கள் தெரியும், முன்னுக்குத் தள்ளினால் பின் போல்ட்கள். பின்பக்கத்தவை துருப்பிடித்திருக்கும், மழைத் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் அங்கேதான் தேங்குகிறது. முந்தின ராத்திரியே டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும், அப்புறம் வெல்டிங் கடைதான்.

கழற்றிய போல்ட்களை ஒரு டப்பாவில் போட்டு எது எந்த இடம் என்று எழுதிவையுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட்டை அவற்றுக்குப் பதிலாகப் போடக்கூடாது. மோதலின்போது சீட்டைத் தரையோடு பிடித்துவைப்பவை இந்த நாலும்தான்.

2. உறையைப் பிரிப்பது

மொத்த வேலையில் பாதி இதுதான். தைப்பதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் என் முதல் சீட் கெட்டது பிரித்ததில்தான். எப்படியும் தூக்கிப்போடுகிற உறைதானே என்று கத்தியால் சரசரவென்று கிழித்து எடுத்தேன். மறுநாள் ரெக்சினை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, எந்த அளவில் வெட்டுவது என்று சொல்ல எதுவுமே என்னிடம் இல்லை. அளவு நாடா வைத்து ஃபோமை அளந்து வெட்டினேன். தைத்து முடித்தபோது சீட் உறையாக இல்லை, தலையணை உறையாக இருந்தது.

பழைய உறைதான் உங்கள் அளவுச் சட்டை. அதை முழுசாகக் காப்பாற்றுங்கள்.

சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். உறையின் ஓரம் சட்டத்தோடு சின்னச் சின்னக் கம்பி வளையங்களால் பிடிக்கப்பட்டிருக்கும். ஹாக் ரிங் என்பார்கள். கட்டிங் பிளையரால் ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். ஓரம் விட்டதும் உறை மேலே வராது. சீட்டின் நடுவே பள்ளமாகப் போகிற கோடுகள் இருக்கின்றனவே, அங்கேயும் ஃபோமுக்குள் வளையங்கள் இருக்கும். உறையின் அடியில் தைத்த ஒரு துணிக்குழாய், அதற்குள் ஒரு நீளக் கம்பி, அந்தக் கம்பியை ஃபோமில் புதைந்த இன்னொரு கம்பியோடு இழுத்துப் பிடிக்கும் வளையங்கள். சீட்டின் வடிவம் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. ரெடிமேட் கவர் எப்போதும் தொளதொளவென்று தெரிவது, அதை உள்ளே இழுத்துப் பிடிக்க இப்படி எதுவும் இல்லாததால்தான். அந்த நீளக் கம்பிகளைப் பத்திரமாக வையுங்கள், புது உறையில் அவையே திரும்பப் போகும்.

உறை கழன்றதும் தையலைப் பிரிக்காதீர்கள், இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு துண்டிலும் எண் போடுங்கள், எது முன்பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். இரண்டு துண்டுகள் சேரும் ஒவ்வொரு தையலின் குறுக்கேயும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, கோட்டின் பாதி இந்தத் துண்டிலும் மீதி அந்தத் துண்டிலும் விழும்படி. வளைவுகளில் இன்னும் நெருக்கமாக. நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். அதற்கப்புறம் பிளேடால் தையல் நூலை மட்டும் அறுத்துப் பிரியுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும். ரேடியோ போட்டுக்கொள்ளுங்கள்.

3. சட்டமும் ஃபோமும்

சட்டத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் கறுப்பு எனாமல் ஒரு கோட்டும் அடித்துவிடலாம். ஸ்பிரிங் கம்பி அறுந்திருந்தால், சட்டத்தில் வெல்டிங் விட்டிருந்தால், அதை நீங்களே கட்டுக்கம்பி போட்டு ஒப்பேற்றாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துப் பற்றவையுங்கள்.

ஃபோமை முழுசாக மாற்ற ஆசை வரும். அச்சில் வார்த்த பழைய ஃபோமுக்கு இருக்கும் வடிவம் கடையில் வாங்குகிற தட்டை ஃபோமுக்கு வராது. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுப்போடுவதே நல்லது. உதிர்ந்த பகுதியை நேர்கோட்டில், பெட்டி மாதிரி வெட்டி எடுங்கள். அந்தப் பள்ளத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக 40 டென்சிட்டி ஃபோம் துண்டு ஒன்றை வெட்டி, ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை பத்து, பதினைந்து நிமிஷம் காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். பசை காய்ந்தால் கெட்டியாகும், உட்காருகிற மேல்பரப்புக்கு வரவிடாதீர்கள். ஒட்டியதும் உபரியை ஆக்சா பிளேடால் சீவி, 60-ம் நம்பர் உப்புத்தாளால் வளைவைத் தேய்த்து எடுக்கலாம்.

இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். மொட்டைமாடியிலோ திண்ணையிலோ வேலை செய்யுங்கள். பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள் எரிந்தால் அணைத்துவிடுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், நான் அதைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு கோணிச் சாக்கை வெட்டி விரியுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக ஃபோமை அறுக்கும்.

4. ரெக்சின் வாங்குவது

ரெக்சின் என்பது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் வணிகப் பெயர். துணிமேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்த போலித் தோல் அது. பெயர் நம் ஊரில் தங்கிவிட்டது, சரக்கு மாறிவிட்டது. இன்று ரெக்சின் என்று கேட்டால் பெரும்பாலும் பிவிசி பூசிய துணிதான் தருவார்கள். அதிலும் இரண்டு சாதி உண்டு. திருப்பிப் பாருங்கள். அடித்துணி பனியன் மாதிரிப் பின்னலாக இருந்தால் இழுபடும், சீட்டுக்கு அதுதான் வேண்டும். நெசவுத் துணியாக இருந்தால் அது பைக்கும் பெட்டிக்கும் உரியது. இழுபடாது, சீட்டின் வளைவில் சுருக்கம் விழும், எவ்வளவு வெயில் காட்டினாலும் போகாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

அகலம் பொதுவாக 54 அங்குலம். முன்சீட் இரண்டுக்கும் எனக்கு 3 மீட்டர் பிடித்தது, தப்புக்கு அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள். சென்னையில் இருந்தால் பெரியமேட்டுப் பக்கம் ஒரு நடை போய்வரலாம், தோல் வேலைக்கான சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கறுப்பு எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. மே மாதத்தில் வெயிலில் நின்ற காரில் கறுப்பு ரெக்சின்மேல் உட்கார்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

5. வெட்டுவது

பிரித்த பழைய துண்டுகளை, சுருட்டிக்கொண்டிருந்தால் லேசாக இஸ்திரி போட்டு, புது ரெக்சினின் பின்பக்கத்தில் விரித்து வரையுங்கள். பழைய துண்டில் தையலுக்கு விட்ட ஓரம் ஏற்கெனவே இருக்கும், ஆகவே ஓரத்தோடு ஒட்டியே வரையலாம். கிழிந்த இடத்தை மட்டும் மறுபக்கத்து ஜோடித் துண்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். எண்கள், அம்புக்குறி, குறுக்குக் கோடுகள் எல்லாவற்றையும் புதுத் துண்டுக்கு மாற்றுங்கள். அதிகம் இழுபடும் திசை சீட்டின் குறுக்கே வரட்டும்.

வெட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். பக்கத் துண்டுகள் வலது, இடது என்று ஜோடியாக வரும். பின்பக்கத்தில் வரைவதால் பழைய துண்டையும் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நான் ஒன்றைக் கவிழ்த்தும் ஒன்றை நிமிர்த்தியும் வைத்து இரண்டு இடது துண்டுகளை வெட்டிவிட்டேன். மேலே சொன்ன அரை மீட்டர் அங்கேதான் போயிற்று.

நடுத்துண்டின் அடியில் ஆறு மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் வைத்துத் தைத்தால் தொட மெத்தென்று இருக்கும், ஃபோமில் போட்ட ஒட்டும் வெளியே தெரியாது.

6. தைப்பது

வீட்டில் இருக்கும் காலால் மிதிக்கும் கறுப்பு மெஷினே போதும். அம்மாவின் மெஷினில் நான் உட்கார்ந்தபோது, “ஜாக்கெட் தைக்கிற மெஷின்ல காரைத் தைக்கப்போறியா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, “தடியா வர்ற இடத்துல மிதிக்காத, சக்கரத்தைக் கையால சுத்து” என்றார். இரண்டாவதாகச் சொன்னதுதான் இந்தப் பகுதியிலேயே முக்கியமான வரி. தையல்கள் சந்திக்கும் மூலைகளில் நாலு அடுக்கு வரும், அங்கே மிதித்தால் ஊசி முறியும்.

18-ம் நம்பர் ஊசி போடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், இற்றுப்போகும். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல். தையல் நீளத்தை நாலு மில்லிமீட்டருக்கு வையுங்கள். பொடித்தையல் பலமாக இருக்கும் என்று தோன்றும், ரெக்சினில் அது தபால்தலை ஓரம் மாதிரி வரிசையாகத் துளை போட்டு அங்கேயே கிழியவைக்கும். குண்டூசியும் குத்தாதீர்கள், போட்ட துளை மறையாது. துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளலாம். மெஷினின் பாதம் ரெக்சினில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால், நடுவே ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுங்கள்.

வரிசை இது: முதலில் நடுத்துண்டு ஃபோம் ஷீட்டோடு. பிறகு இரண்டு பக்கத் துண்டுகள், அந்தத் தையலோடு சேர்த்தே கம்பி போகும் துணிக்குழாயையும் பிடித்துவிட வேண்டும். துணிக்குழாய்க்குப் பழைய காடாத் துணி போதும். அதற்கடுத்து முன்பட்டை, கடைசியில் சட்டத்தைச் சுற்றி மடங்கும் ஓரம். ஒவ்வொரு தையலிலும் குறுக்குக் கோடுகள் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பாருங்கள். ஒன்று தள்ளிப்போனால் அடுத்த கோட்டுக்குள் சரியாகிவிடும் என்று ஓட்டாதீர்கள், பிரித்துத் தையுங்கள். ஓரத்தில் உருண்டையாக வரும் பைப்பிங் அழகுதான், ஆனால் அதை முதல் சீட்டில் செய்ய வேண்டாம்.

7. மாட்டுவது

உறையையும் சீட்டையும் மொட்டைமாடி வெயிலில் அரை மணி வையுங்கள். மேகமாக இருந்தால் ஹேர் டிரையர். ரெக்சின் இளகினால்தான் வளைவில் படியும். ஃபோம்மேல் மெல்லிய பாலித்தீன் பையைப் போட்டால் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும், இறங்கியதும் பையை உருவிவிடுங்கள்.

முதலில் நடுப்பள்ளங்கள், பிறகுதான் ஓரம். ஹாக் ரிங்குக்குத் தனிப் பிளையர் வேண்டும், இல்லாதவர்கள் கேபிள் டை போடலாம். வெட்டிய முனை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், இல்லாவிட்டால் ஒருநாள் ஃபோமைத் தாண்டி முதுகில் குத்தும். ஓரத்தை இழுக்கும்போது முன் நடு, பின் நடு, வலது நடு, இடது நடு என்று நாலு இடத்தில் பிடித்துவிட்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போங்கள். மூலையில் ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் சேரும்.

சாய்மானமும் இதே வேலைதான். உறை காலுறை மாதிரி மேலிருந்து இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சீட்டைத் திரும்பப் பூட்டும்போது நாலு போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, பிறகு ஸ்பானரால் இறுக்குங்கள். முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு நிலையிலும் பூட்டு விழுகிறதா, பெல்ட் கொக்கி உறைக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு போல்ட்களை இன்னொரு தடவை இறுக்குங்கள். மிச்சமிருக்கும் சின்னச் சுருக்கங்கள் வெயிலில் நிற்க நிற்கத் தானே போகும்.

எண் போட்ட பழைய துண்டுகளையும் மீந்த ரெக்சினையும் ஒரு பையில் போட்டுப் பரணில் வையுங்கள். ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம்தான் அடுத்த தடவையும் முதலில் கிழியும். அப்போது அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டித் தைத்தால் போதும்.