ஸ்மால்வில் சீசன் 11 காமிக்ஸ்: எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது

சூப்பர்மேனாக மாறும் க்ளார்க் கென்ட்டின் இளமைக் கதையான ஸ்மால்வில் டிவி தொடர் 2011 மே மாதம் முடிந்தது; 2012 ஏப்ரலில் டிசி நிறுவனத்தின் காமிக்ஸாகத் தொடர்ந்தது. எழுதியவர் டிவி தொடருக்கும் எழுதிய பிரையன் க்யூ. மில்லர். திரையில் நடந்ததையெல்லாம் அவர் மறுபடி விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். நேராக முதல் இதழைத் திறந்தால் பாதி புரியாது.

எனவே முதலில் சீசன் 10-இன் கடைசி எபிசோடைப் பாருங்கள். அதில் க்ளார்க்கின் எதிரி லெக்ஸ் லூதர் தன் தங்கை டெஸ்ஸைக் கொல்கிறான். சாகும் தறுவாயில் அவள் அவன் நினைவுகள் அத்தனையையும் அழித்துவிடுகிறாள். ஆறு மாதம் கழித்து காமிக்ஸ் தொடங்கும்போது, அவன் தலைக்குள்ளேயே டெஸ் இருக்கிறாள். இந்தத் தொடரின் சிறந்த சரடு இதுதான். பின்னணி தெரியாவிட்டால் லெக்ஸ் வெறும் வில்லனாகவே தெரிவான்.

அடுத்து, பூமி-2 என்ற இணை உலகம் வரும் 'லூதர்' (சீசன் 10, எபிசோட் 10). க்ளார்க்கின் தோழி க்ளோயிக்கு அந்த இன்னொரு பூமியில் இருக்கும் மறுவடிவம் முதல் கதையிலேயே வந்து விழுகிறாள். நேரமிருந்தால் அதிவேக ஓட்டக்காரன் பார்ட் ஆலனுக்காக 'ரன்' (சீசன் 4, எபிசோட் 5), 31-ஆம் நூற்றாண்டு வீரர்களுக்காக 'லீஜன்' (சீசன் 8, எபிசோட் 11), எதிர்காலத்திலிருந்து வரும் வீரன் பூஸ்டர் கோல்டுக்காக 'பூஸ்டர்' (சீசன் 10, எபிசோட் 18), க்ளார்க்கின் உறவுக்காரி காரா எதிர்காலத்துக்குப் போவதற்காக 'ப்ராஃபெசி' (சீசன் 10, எபிசோட் 20).

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கடைசி எபிசோட் முடிவில் ஏழு வருடம் தாண்டி 2018-ஐக் காட்டுவார்கள். லெக்ஸ் ஜனாதிபதியாகத் தேர்வாகியிருப்பான். காமிக்ஸ் முழுவதும் அந்த ஏழு வருட இடைவெளிக்குள் நடக்கிறது. க்ளார்க்கும் அவன் காதலி லோயிஸும் இன்னும் மணமாகாமல் இருப்பது அதனால்தான்.

தொகுப்புகள் மொத்தம் ஒன்பது: கார்டியன், டிடெக்டிவ், ஹாண்டட், ஆர்கோ, ஒலிம்பஸ், ஏலியன், லான்டர்ன், கேயாஸ், கன்டினுயிட்டி. முதல் ஐந்தில் 1 முதல் 19 வரையிலான மாத இதழ்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை தொடராது. கடைசி நான்கும் தனித்தனியே நான்கு இதழ் குறுந்தொடர்கள். 19-ஆவது இதழோடு கதை முடிந்ததென்று நிறுத்திவிடாதீர்கள். அந்த இன்னொரு பூமியின் க்ளோயி கொண்டுவரும் 'க்ரைசிஸ்' என்ற பேரழிவு பற்றிய எச்சரிக்கைக்கு விடை 2015-இல் முடிந்த கன்டினுயிட்டியில்தான் கிடைக்கும்.

வரிசையைக் குலைக்கவும் கூடாது. பேட்மேன் அறிமுகமாவது டிடெக்டிவில் (இதழ் 5–8). அவரும் செவ்வாய்க் கிரக வீரர் ஜான் ஜோன்ஸும் சேரும் 'எஃபிஜி' சிறப்புக் கதையை அதற்குப் பிறகே எடுங்கள். வொண்டர் வுமன் டயானா ஒலிம்பஸில் (16–19) வருகிறாள். இங்கே பேட்மேனின் துணை வீரர் நைட்விங்காக வருவது பார்பரா கார்டன்; வழக்கமான நைட்விங்கான டிக் கிரேசனைத் தேடாதீர்கள்.

பழைய இதழ் வாங்குவோர் அட்டையில் 'சீசன் 11' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிவி தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2003–2005-இல், 'ஸ்மால்வில்' என்ற பெயரில் டிசி 11 இதழ்கள் வெளியிட்டது. அது வேறு.

2019-இல் ஆரோவெர்ஸ் எனப்படும் டிசி டிவி தொடர்களின் 'க்ரைசிஸ்' கதையில், க்ளார்க்காக நடித்த டாம் வெல்லிங்கும் லோயிஸாக நடித்த எரிகா டுரான்ஸும் மீண்டும் தோன்றினார்கள். அங்கே க்ளார்க் தன் சக்திகளைத் துறந்திருக்கிறான். அதை இந்தக் காமிக்ஸின் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு க்ரைசிஸும் வெவ்வேறு கதைகள்.