வீடு திரும்பும் முன் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது ஆடி மாதம் நாலாம் தேதி. வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது. ஐந்தாம் நாள் மெல்ல நடந்தார், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் நான் கேட்கத் தவறியதை, மறுநாள் எங்கள் தெரு டாக்டர் கேட்டார்: "கழுத்து ரத்தக்குழாயைப் பார்த்தார்களா?"

ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதம் என்றால் இதை நீங்கள் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். கழுத்தின் இரு பக்கமும் ஓடும் கரோடிட் குழாய், தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. அங்கேதான் கொழுப்பு படியும். அது வெடித்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து, துணுக்கு மூளைக்குப் போய் அடைக்கும். மூளைக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால், துணுக்கு கிளம்பிய இடம் அப்படியே இருக்கும்.

குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று முதலில் டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள். அதில் ஊசி கிடையாது. கழுத்தில் ஜெல் தடவிச் செய்வார்கள். உறுதிப்படுத்த சி.டி. ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய் ஸ்கேன் எடுப்பதுண்டு. அதற்கு மருந்து ஏற்றுவார்கள் என்பதால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் பக்கத்தைப் பாருங்கள். வலது கை கால் விழுந்திருந்தால் பாதிப்பு மூளையின் இடது பக்கம், அதனால் கவனிக்க வேண்டியது இடது கரோடிட். அப்புறம் குழாய் எத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்று. 50-க்குக் கீழே என்றால் பொதுவாக மாத்திரைதான். 50 முதல் 69 வரை ஆளைப் பொறுத்தது. 70 முதல் 99 வரை இருந்தால்தான் அறுவையில், அதாவது கழுத்துக் குழாயைத் திறந்து கொழுப்பை எடுப்பதில், பலன் அதிகம். முழுக்க அடைத்துவிட்டால் பெரும்பாலும் அறுவை செய்வதில்லை. 1991-இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், 70-க்கு மேல் அடைப்பு உள்ளவர்களில் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு இரண்டு வருடத்தில் அதே பக்கம் மறுபடி பக்கவாதம் வந்தது நூற்றுக்கு 26 பேருக்கு. அறுவை செய்தவர்களில் 9 பேருக்கு.

அப்பாவுக்கு 75 சதவீதம். பெரியப்பா, "ஆடி போகட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்" என்றார். ஆனால் இந்த அறுவை முதல் இரண்டு வாரத்துக்குள் நடந்தால்தான் பலன் மிகுதி. நாள் போகப் போகக் குறையும். மூளையில் பாதிப்பு பெரிதாக இருந்தால் டாக்டரே தள்ளிப்போடுவார், அது வேறு. நல்ல நாளுக்காகத் தள்ளாதீர்கள். அப்பாவுக்குப் பன்னிரண்டாம் நாள் நடந்தது.

ஸ்டென்ட்டா (குழாயை உள்ளிருந்து விரித்து வைக்கும் கம்பி வலை) அறுவையா என்றும் கேளுங்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே பெரும்பாலும் பாதுகாப்பானது, அப்பாவுக்கு 72. "இங்கே இதைச் செய்தவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது?" என்று கூசாமல் கேளுங்கள். நூற்றுக்கு ஆறுக்குமேல் இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தபின் கழுத்து வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ, அறுத்த பக்கம் கடுமையாகத் தலை வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரஷரைத் தினமும் குறித்து வையுங்கள். அறுவைதான் ஆகிவிட்டதே என்று ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட் அன்றோடு சரி.

இன்னொன்று, இன்றும் எனக்கு உறுத்துவது. பக்கவாதத்துக்கு மூன்று வாரம் முன்பு, சவரம் செய்யும்போது அப்பாவுக்கு இடது கண்ணில் திரை இறங்கியது போல இருட்டிவிட்டது. பத்து நிமிடத்தில் தெளிந்தது. நாங்கள் கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் மாற்றினோம். அது பக்கவாதத்துக்கு முன் வந்த எச்சரிக்கை என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், தெளிந்துவிட்டாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள்.