சிறுமலைப் பக்கம் கூடாரம் போடுவதென்றால்

மதுரையிலிருந்து சிறுமலைப் பக்கம் தெரிந்தவர் தோப்பில் தங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர்க் கணக்கு. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும். சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக. ஒரே கேனில் நிரப்பாமல் இரண்டாகப் பிரியுங்கள், ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கும். ஓடைத் தண்ணீர் என்றால் கொதிக்கவைத்த பிறகுதான்.

டார்ச்சைவிட நெற்றியில் மாட்டும் ஹெட்லாம்ப் மேல். சமைக்க இரண்டு கையும் வேண்டுமே! பவர் பேங்க், தார்ப்பாய், கயிறு, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லாம் வழக்கம்போல. மொபைலில் வரைபடத்தை ஊரிலேயே இறக்கிவிடுங்கள். அப்புறம் குரங்கு: சாப்பாட்டை இறுக மூடும் தூக்கில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

பாம்பு கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்கு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள்.