பேராசிரியரை எப்போது, எப்படி அணுகுவது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கல்லூரி ஆசிரியர் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல் பணியாற்ற வேண்டும்; நாள்தோறும் குறைந்தது 5 மணி நேரம் வளாகத்தில் இருக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணி நேரம். எஞ்சியதில்தான் விடைத்தாள் திருத்தலும் ஆய்வும் உங்கள் ஐயங்களும் அடங்க வேண்டும். ஆகவே, பருவத் தொடக்கத்திலேயே அவருடைய கால அட்டவணையைக் கேட்டு, வகுப்பில்லாத பாடவேளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் மாலை ஷிப்டுக்குப் பனியன் கம்பெனிக்குச் சென்று திரும்பி, இரவு 10 மணிக்கு மேல் புத்தகத்தைத் திறக்கும் மாணவருக்கு ஐயம் அப்போதுதான் எழும், அதில் தவறில்லை. ஆனால் அந்நேரத்தில் அழைக்காமல், மின்னஞ்சலாக எழுதி, அது காலை 9 மணிக்கு அவருக்குப் போய்ச் சேருமாறு அனுப்பும் நேரத்தைக் குறித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வெறும் "சார்" என்று அனுப்பிவிட்டுக் காத்திருப்பது (இப்பழக்கம் எந்தத் துறையையும் விட்டுவைக்கவில்லை) இருவருக்கும் வீண். "வணக்கம்ங்க ஐயா. மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவன். காஸ்ட் ஷீட் ஏழாம் கணக்கில் வருமான வரியை ஏன் சேர்க்கவில்லை என்பது புரியவில்லை. நாளை மதிய இடைவேளையில் வந்து பார்க்கலாங்களா?" என ஒரே செய்தியில் முடித்துவிடுங்கள்.

இரண்டு வேலைநாள் கழித்தும் பதில் வராவிட்டால், மீண்டும் மீண்டும் நினைவூட்டாமல் துறைக்கு நேரில் செல்லுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு ஹால் டிக்கெட் தொலைந்ததுபோன்ற அவசரத்துக்கு மட்டும், பாட ஆசிரியரை அல்ல, வகுப்பு ஆலோசகரை அழைக்கலாம்.